கம்ப்யூட்டர் மச்சானுக்கு முதலிடம்

பெடாஸில் உர லாரி ஓட்டும் ஆம்புரோஸ் அறுபதைத் தாண்டியும் ஸ்டியரிங்கை விடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் மனைவி ஃபிளோரா தேங்காய் துருவச் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான். பெடாஸில் மூட்டை ஏற்றி, சிரம்பான் வழியாக மலைப்பாதையில் ஏறி, கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டங்களில் இறக்க வேண்டும். அந்த வளைவுகளில் அவருக்கு ஒரே எதிரி மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கம். ஒரே துணை பேட்ரிக்கின் பாட்டு.

பேட்ரிக்கும் அவரும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். வாலிபத்தில் பேட்ரிக் கும்மிப் பாட்டை எலெக்ட்ரிக் கித்தாரில் அலறவிட்டு ஊரையே ஆட்டி வைத்தார். பிறகு முடி கொட்டியது, சிந்தனை வளர்ந்தது. சிந்தனை வளர்ந்த பாடகரின் ஆல்பத்தை யார் வாங்குவார்கள்? ஆம்புரோஸ் வாங்கினார். கடைசியாக வந்த ஐந்தையும் விடாமல் போட்டுக் கேட்ட மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். பேட்ரிக்கின் சொந்த மகள் ஜோஆன்கூட, ஆபீஸ் போன் வந்துவிட்டது என்று பாதியில் தப்பித்தவள்.

அந்த ஜோஆன்தான் நீலாய் டவுனில் அப்பாவுக்கு ஒரு பாராட்டு விருந்து ஏற்பாடு செய்தாள்.

"அங்கிள், பின்னாடி வந்த அஞ்சு ஆல்பத்தையும் வரிசப்படுத்திக் குடுங்க லா. மொதல்ல வர்றதுலேர்ந்து அப்பா பாடட்டும். ஏன் எதுக்குன்னு வேணாம், சுருக்கமா போதும்."

ஆம்புரோஸும் சுருக்கமாகவே குரல் பதிவு அனுப்பினார். அவள் அதை அப்படியே விருந்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். குழுவில் அப்பாவும் இருந்தார்.

முதலிடம், 'கம்ப்யூட்டர் மச்சான்'. யாரோ கொடுத்த கீபோர்டை பேட்ரிக் ஒற்றை விரலால் குத்திக்கொண்டு 'என்டர் தட்டு, என்டர் தட்டு' என்று மூச்சுவிடாமல் கத்திய ஆல்பம் அது. அதை வெளியிட்டதற்காக அவரே வெட்கப்படுவார். அடுத்தது 'எல்லாரும் கேட்டுக்கோங்க'. அதில் அக்கம்பக்கத்தாரைப் பேர் சொல்லித் திட்டியிருந்தார். கித்தார் ரிப்பேர் கடையில் கிடந்தபோது வெறும் வாயால் பாடியது மூன்றாவது, பக்திப் பாடல்கள் நான்காவது. கடைசியில் கிடந்தது 'வெறும் நாற்காலியின் நிழல்'. பேட்ரிக் வருடக்கணக்கில் அழுது அழுது எழுதிய ஆல்பம். தன் கல்லறையில் பேருக்குக் கீழே அந்தத் தலைப்பைத்தான் பொறிக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடமே சொல்லி வைத்திருந்தார்.

பேட்ரிக் போன் போட்டார். "இன்னையோட நீ யாரோ நான் யாரோ. விருந்துக்கு வந்துராத."

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் ஒரே மேசையில் தே தாரேக் டீ குடிப்பது வழக்கம். அந்த ஞாயிறு பேட்ரிக் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆம்புரோஸ், இருந்த ஒரே சிநேகிதன் கைவிட்டுப் போகிறானே என்று கலங்கிப்போனார்.

"நாற்காலியத் தூக்கி மேல போட்டா என்னா கொறஞ்சிரும்?" என்றாள் ஃபிளோரா.

"இது உயிர் சம்பந்தப்பட்ட வரிச. மாத்த முடியாது."

வெள்ளிக்கிழமை மூட்டை ஏற்றி முடித்த நேரம், பேட்ரிக் கித்தாரோடு லாரிக்குள் ஏறி உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏன்னு சொல்லு."

"அது தூக்கம் வராம காப்பாத்துற வரிசடா," என்றார் ஆம்புரோஸ். "கம்ப்யூட்டர் மச்சான் போட்டா எனக்கு வர்ற கோவத்துல கண்ணு மூடவே மூடாது. இத்தன வருசம் நான் உயிரோட இருக்கேன்னா அதாலதான். நாற்காலி வந்த வருசம் மலை மேல அதப் போட்டுக் கேட்டேன். லாரி ரோட்டோரச் சாக்கடக் கானுக்குள்ள எறங்கிருச்சி. உரம் பூரா கொட்டி, அங்க புல்லு இன்னிக்கும் இடுப்பு ஒசரம்."

"நல்ல பாட்டு தூங்க வைக்குமா? எட்றா வண்டிய. நான் நேர்ல பாடுறேன். நீ தூங்குறியான்னு பாத்துருவோம்!"

நியாயமான சோதனையாக இருக்க வேண்டும் என்று சிரம்பானில் வாழையிலைச் சாப்பாட்டையும் பேட்ரிக்கே வாங்கிக் கொடுத்தார். இரண்டு தரம் ரசம் ஊற்றச் சொன்னார். மலை ஏறத் தொடங்கியதும் ஆம்புரோஸ் அவருக்குத் தெரியாமல் ஒரு புளிப்பு அசாம்பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

பேட்ரிக் பாடினார். முதல் பாட்டில் ஒரு நாற்காலி காலியானது. இரண்டாம் பாட்டில் அதன் நிழல் நீண்டது. குரலும் நீண்டுகொண்டே போனது. இது ஏதோ புது பாணி போலிருக்கிறது என்று ஆம்புரோஸ் மரியாதையாகக் காத்திருந்தார். கித்தார் சரிந்து கியரில் மோதியபோதுதான் திரும்பிப் பார்த்தார். பேட்ரிக் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆம்புரோஸுக்கும் கண் சொக்கியது. வேறு வழியில்லாமல் ஜன்னலை இறக்கிவிட்டு, 'என்டர் தட்டு, என்டர் தட்டு' என்று தானே கத்திக்கொண்டு ஒவ்வொரு வளைவாகத் தாண்டினார். எதிரே வந்த மோட்டார்காரன் பயந்து ஓரமாக ஒதுங்கினான்.

கோலா கிளாவாங்கில் மூட்டை இறக்கும் சத்தத்தில் பேட்ரிக் விழித்தார். ஊரைப் பார்த்தார், கித்தாரைப் பார்த்தார், வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் பாட்டுல?"

"ரெண்டாவதுல."

பேட்ரிக் சரிந்து கிடந்த கித்தாரை நிமிர்த்தி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "நீ கானுக்குள்ள போனியே, அன்னிக்கு எதுல?"

"நாலாவது வரைக்கும் தாங்குனேன்டா."

பேட்ரிக்கின் கண் கலங்கிவிட்டது. அந்த நாற்காலியோடு அவ்வளவு தூரம் வந்தவர் வேறு யாருமில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"ஜோஆன், ஆம்புரோஸ் அங்கிளுக்கு என் பக்கத்துல எடம் போடு. அப்புறம், அந்தப் பழைய கீபோர்டத் தொடச்சி எடுத்துட்டு வா."