முப்பத்தேழாம் நம்பர் கால்

கம்பெனியில் எனக்குப் பெரிய பதவி எதுவும் இருந்ததில்லை. என் வலது காலுக்கு இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்துநான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ரிட்டையர் ஆனேன். இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் வந்து, "உங்க அனுபவத்தச் சொல்லுங்கக்கா" என்கிறார்கள். என் அனுபவம் கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. அதையே சொல்கிறேன்.

1. காலுக்கு வேலை கிடைத்தது

பத்தாவது சர்டிபிகேட், பாஸ்டர் கொடுத்த நன்னடத்தைக் கடிதம், இரண்டு போட்டோ. எல்லாவற்றையும் கசங்காமல் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் கவரைத் தொடக்கூட இல்லை.

"செருப்பக் கழட்டும்மா" என்றார்.

கழற்றினேன். டேப்பை எடுத்து நீளம் பார்த்தார், விரல்களைச் சுற்றிப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "சார், முப்பத்தேழு கிடைச்சிருச்சு!" என்று கத்தினார்.

லேடீஸ் ஷூவுக்கு சாம்பிள் செய்யும்போது எங்கள் கம்பெனியில் முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்வார்கள். அதைப் போட்டுப் பார்த்து 'ஃபிட் ஓகே' என்று கையெழுத்துப் போட, அளவு பிசகாத ஒரு கால் வேண்டும். அந்தக் கால் என்னிடம் இருந்தது. சர்டிபிகேட்டையும் கடிதத்தையும் அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன். பாஸ்டரிடம் மட்டும், அவர் கடிதத்தால்தான் வேலை கிடைத்தது என்று சொல்லி வைத்தேன்.

இன்னொரு விஷயம். முதல் சாம்பிளை ஜோடியாகச் செய்ய மாட்டார்கள். வலது கால் மட்டும்தான். லெதர் மிச்சம், நேரம் மிச்சம். அதனால் என் வேலை இதுதான்: வலது காலில் வெளிநாட்டு ஷூ, இடது காலில் என் ரப்பர் செருப்பு, ஏசி ரூம் கார்ப்பெட்டில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இப்படி நின்றே எத்தனையோ நாட்டுப் பெண்களுக்கு ஷூ சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

2. பெண்களைப் பற்றி ஆண்கள் பேசிய மீட்டிங்

ரிட்டையர் ஆவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு பையர், அதாவது மொத்தமாக ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, ஒரு ஆர்டர் விஷயமாகச் சாம்பிள் கேட்டது. பெண்கள் மலையேறும்போது போடுகிற வாட்டர் ப்ரூஃப் பூட்ஸ். அந்தச் சமயத்தில் லைன் நான்கு என்ற தையல் பிரிவுக்கு வேலை இல்லை. அங்கே இருந்த பெண்கள் அத்தனை பேரும் கான்ட்ராக்ட். இந்த ஆர்டர் வந்தால் லைன் ஓடும், வராவிட்டால் மூடிவிடுவோம் என்று எங்கள் டெவலப்மென்ட் மேனேஜர் சம்பத் சார் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

பெண்களின் காலுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்ய மீட்டிங் போட்டார்கள். ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஐந்து பேரும் ஆண்கள். நான் ஓரமாக நின்றேன், காலைக் கூப்பிட்டால் நீட்டுவதற்கு.

"லேடீஸ் இன்னா கேப்பாங்க? பாக்க அழகா இருக்கணும், வெயிட் கம்மியா இருக்கணும். அவ்ளோதான்" என்றார் சம்பத் சார்.

ஷூவை எந்த அச்சில் ஏற்றி வடிவம் கொடுக்கிறோமோ, அந்தப் பிளாஸ்டிக் காலுக்கு லாஸ்ட் என்று பெயர். ஷூவின் விதி அங்கேதான் எழுதப்படுகிறது. பெண்களுக்கென்று புது லாஸ்ட் செய்ய நேரம் பிடிக்கும். எனவே ஏற்கெனவே இருந்த ஆண்கள் லாஸ்ட்டையே சின்னதாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கூடவே ரோஸ் கலரில் லேஸ். லேஸ் கலரைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். ரோஸா, வெளிர் ரோஸா என்று.

தண்ணீர் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். பூட்ஸுக்கு உள்ளே மெம்பரேன் என்று ஒரு மெல்லிய சாக்ஸ் மாதிரி இருக்கும். அதன் தையல் மேலெல்லாம் டேப் ஒட்டுவார்கள். அதன் பிறகு ஒரு ஊசி தவறிக் குத்தினாலும் பூட்ஸ் ஒழுகும். எங்கள் ஆட்கள் அதைச் சுத்தமாகச் செய்தார்கள். பூட்ஸுக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து, நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தினார்கள். பேப்பர் காய்ந்தபடியே வெளியே வந்தது. சம்பத் சார் அந்தப் பேப்பரைப் பரீட்சைப் பேப்பர் போல எல்லோரிடமும் காட்டினார்.

அடுத்து என் கால். வழக்கம்போல வலது பூட்ஸ், இடது ரப்பர் செருப்பு, மெல்லிய நைலான் சாக்ஸ், காலை ஒன்பதரை மணி.

"கம்ஃபர்ட்டா இருக்குதா எஸ்தரு?" என்று கேட்டார் சம்பத் சார்.

"நிக்கறதுக்கு கம்ஃபர்ட்டாதான் இருக்கு சார். ஆனா குதிகால் உள்ள லூஸா தூக்குது. முன்னால விரல அமுக்குது."

ஆண்கள் காலை அப்படியே சின்னதாக்கினால் பெண்கள் கால் ஆகிவிடாது. நம் கால் முன்பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். ஒரு நாள் முழுக்க லைனில் நின்றுவிட்டு வரும் பெண்ணின் செருப்பைப் பார்த்தாலே போதும்.

"லேஸ இறுக்கிக் கட்டு, சரியா பூடும்" என்றார்.

"சார், மலை மேல ஏர்றவங்க திரும்ப இறங்கணும்ல? இறங்கும்போது கால் முன்னால போய் இடிக்கும் சார்."

"இறங்கறது அவங்க பிரச்சன. ஷிப்மென்ட் பண்றதுதான் நம்ம பிரச்சன. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடு. திங்கக்கிழம பையர் ஆபீஸ்லேர்ந்து மேடம் வர்றாங்க."

3. இடது கால் பிறந்த கதை

மத்தியானம் கலைவாணி என்னைத் தேடி வந்தாள். லைன் நான்கில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கம்பெனியில் எனக்கு ஒரே தோஸ்த் அவள்தான்.

"இன்னாக்கா, கையெழுத்து போட மாட்டன்னு சொன்னியாமே? போட்டுடுக்கா. லைன் நின்னா நான் திரும்பியும் வீட்ல குந்திக்கினு பீடி சுத்தணும். எனக்கு அந்தப் பொகயில நெடி ஆவாதுக்கா."

போட்டால், பூட்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு கன்டெய்னரோடு திரும்பி வரும், அப்போதும் லைன் நான்குதான் முதலில் மூடப்படும். போடாவிட்டால் இப்போதே மூடுவார்கள். என் காலின் மேல் அத்தனை குடும்பங்களை ஏற்றி வைத்துவிட்டு சம்பத் சார் டீ குடிக்கப் போய்விட்டார்.

"ஒண்ணு பண்ணு. இதுக்கு இடது கால தச்சுக் குடு. ஞாயித்துக்கிழம ரெண்டு கால்லயும் போட்டு மலைல நடந்து பாக்கறேன். நல்லா இருந்தா திங்கக்கிழம காலைல மொத கையெழுத்து என்னுதுதான்" என்றேன்.

இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் மிச்ச லெதரை வைத்து இடது காலைத் தைத்தாள். லாஸ்ட் ஜோடியாகத்தான் வந்திருந்தது. இடது லாஸ்ட் தூசி படிந்து அலமாரியில் கிடந்தது. கையெழுத்தைத் தலைவலி, கண்வலி என்று வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்குத் தள்ளினேன்.

மலையில் நடக்கத் தடித்த சாக்ஸ் வேண்டுமே. ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேலூர் போனபோது லாங் பஜாரில் கேட்டேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. "தடியா, கம்பளி சாக்ஸ் இருக்கா?" என்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்?

"இன்னாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று அக்கறையோடு கேட்டார். இருந்தாலும் மேல்தட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

சாம்பிளை வெளியே கொண்டு போவது அடுத்த சிக்கல். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறப்பார், டிபன் பாக்ஸையும் திறப்பார். யாரும் காலைப் பார்க்க மாட்டார்கள். ஷூ கம்பெனி கேட்டில் இப்படி ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பூட்ஸையும் காலில் மாட்டி, புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு செக்யூரிட்டிக்கு வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

4. ஏறுவதற்கு பஸ் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. ஏசு மன்னிப்பார். சம்பத் சார்தான் மன்னிக்க மாட்டார். கலைவாணியும் நானும் பஸ் ஏறி ஏலகிரி மேலே போய் இறங்கினோம். பழைய நடைபாதை வழியாகக் கீழே இறங்கத் தொடங்கினோம்.

வழியில் ஓர் இடத்தில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் ஓடியது. வேண்டுமென்றே அதில் நின்றேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"பாத்தியாக்கா? நம்ம வேல!" என்று கலைவாணி குதித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்படியே போனால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

சரிவு வந்தது. குதிகால் தூக்கிக் கொடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் போய் முன்னால் முட்டியது. லேஸை இறுக்கிக் கட்டினேன், சம்பத் சார் சொன்ன வைத்தியம். மேல்பாதம் மரத்துப் போனது, விரல் இடிப்பது நிற்கவில்லை. பாதி வழியில் உட்கார்ந்து கழற்றினேன். இரண்டு கட்டைவிரல் நகமும் கருநீலமாக இருந்தன. குதிகாலில் தோல் வழன்றிருந்தது.

கலைவாணி பார்த்தாள். அவள் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். அவள் கால் முப்பத்தொன்பது. அந்தச் செருப்பு எனக்குத் தொளதொளவென்று இருந்தது, ஆனால் சொர்க்கமாக இருந்தது. தண்ணீர் புகாத பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, அடுத்தவள் செருப்பில் மலையிறங்கினேன்.

5. பேனா யார் கையில்

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சம்பத் சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மலைக்குப் போனியா? உன்ன யாரு மலைக்குப் போகச் சொன்னது?"

மலையேறும் பூட்ஸை மலைக்குக் கொண்டு போனது குற்றம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"கேட் பாஸ் இல்லாம கம்பெனி பொருள வெளிய எடுத்துனு போயிருக்க. மெமோ குடுத்தா இன்னா ஆவும் தெரியுமா? மரியாதையா கையெழுத்து போடு."

"போட மாட்டேன் சார்." பயம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது?

உடனே லைன் நான்கிலிருந்து கலைவாணியைக் கூப்பிட்டு விட்டார். "நீயும் லேடிதானே? போட்டு நடந்து பாத்தேன், கம்ஃபர்ட் ஓகேன்னு எழுதி கையெழுத்து போடு. லைன் ஓடணுமா வேணாமா?" என்று அவள் கையில் பேனாவைத் திணித்தார்.

அவள் பேனாவைப் பிடித்தபடி ஃபார்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அவள் போட்டிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு பையரின் சென்னை ஆபீஸிலிருந்து ரேவதி மேடம் உள்ளே வந்தார்.

"நீங்கதான் போட்டு நடந்தீங்களா?" என்று கலைவாணியிடம் கேட்டார். சம்பத் சார் கத்தியது வெளியிலேயே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

சம்பத் சார், "ஆமா மேடம், நம்ம பொண்ணுதான்" என்றார்.

கலைவாணி பேனாவை மூடினாள். "நான் இல்ல மேடம். என் கால் முப்பத்தொம்போது, இதுல நுழையாது. நடந்தது எஸ்தர் அக்கா. ஏலகிரிலேர்ந்து பாதி வழி. மீதி வழி என் செருப்புல வந்தாங்க."

ரேவதி மேடம் என்னைப் பார்த்தார். நான் ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைத்தேன். இத்தனை வருடம் பதவியில் இருந்த வலது காலை மட்டும் இல்லை, இடது காலையும் வைத்தேன். அவர் குனிந்து நகத்தைப் பார்த்தார்.

"எறங்கும்போதா?"

"ஆமா மேடம்."

"எனக்கும் ஒரு தடவ இப்படித்தான் நகம் விழுந்துது" என்றார். பிறகு சம்பத் சாரிடம் திரும்பி, "புது லாஸ்ட் போடுங்க சார். பெண்கள் கால் அளவுல. அப்புறம் ஆர்டர் பேசலாம்" என்றார்.

6. பிறகு

உண்மை பேசியதும் கைதட்டல் கேட்டது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. புது லாஸ்ட் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் லைன் நான்கு மூடியிருந்தது. கலைவாணி பேரணாம்பட்டில் பீடி சுற்றினாள். நான் போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு நாள் எடுத்து, "உண்மையச் சொன்னது நான்தான். ஆனா கோவம் உம்மேலதான்கா" என்று இருமிக்கொண்டே சொல்லிவிட்டு வைத்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு ஆர்டர் வந்தது. இந்த முறை ஜோடியாகச் சாம்பிள், நிஜமான மலை, நிஜமான இறக்கம். நான் கையெழுத்துப் போட்டேன். லைன் ஓடியது. கலைவாணி வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, வறுத்த கருவாட்டில் பாதியை என் மூடியில் வைத்தாள். பூட்ஸோடு வந்த அட்டையில் 'பெண்களின் பாதத்தைப் புரிந்து வடிவமைத்தது' என்று அச்சடித்திருந்தார்கள். புரிந்துகொண்டவர் என்று கம்பெனி மலரில் சம்பத் சாரின் போட்டோ வந்தது.

ஆகவே, பெண்களே, மலைக்குப் பூட்ஸ் வாங்கப் போனால் காலையில் போகாதீர்கள். கால் வீங்கியிருக்கும் சாயங்காலம் போங்கள். தடித்த சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். கடையில் சரிவு இல்லையென்றால் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல் இடித்தால் கழற்றி வைத்துவிடுங்கள். கடைக்காரர் "லேஸ இறுக்கிக் கட்டுங்க" என்றால், அவர் எங்கள் சம்பத் சாருக்குச் சொந்தக்காரராக இருப்பார்.

நான் ரிட்டையர் ஆன அன்று எனக்கு மாலை போட்டு, கண்ணாடிப் பெட்டியில் ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். பிரித்தால், அந்த முதல் பூட்ஸ், பாலிஷ் போட்டு. வலது கால் மட்டும். இருபத்துநான்கு வருடத்துக்கு ஒற்றைக்கால். மேடையில் சிரித்துக்கொண்டே வாங்கினேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு கலைவாணி வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவள் சாப்பாட்டு நேரத்தில் தைத்த இடது கால்.

"கம்பெனி கணக்குலயே இல்லாத காலு. நீயே வச்சிக்கோக்கா" என்றாள்.

இரண்டையும் சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். போன வாரம் ஆசைக்கு ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். இன்னும் விரல் இடிக்கிறது.