பாய் தைக்க எடுத்த நூல்

காணும் பொங்கலன்று எங்கள் பழவேற்காடு ஏரியில் பாய்ப்படகுப் போட்டி. போன வருஷம் என் அண்ணன் படகு ஜெயித்தது. என் வீட்டுக்காரர் ஓட்டிய எங்கள் படகின் பாய் பாதி வழியில் கிழிந்தது. அதிலிருந்து மீன் ஏலம் விடுகிற இடத்தில் என்னைப் பார்த்தாலே அண்ணன் கூவுவார்.

"தங்கச்சி, கிழிஞ்ச பாய் காஞ்சிருச்சா?"

ஊரே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதுதான் எரிச்சல்.

இந்த முறை தோற்கக் கூடாது. புதுக் காடாத்துணி வாங்கினோம். தைக்க என் வீட்டுக்காரர் தூண்டில் நரம்பை எடுத்து வந்தார்.

"கொடுவா மீனையே தாங்குது. துணிய தாங்காதா?"

எனக்கும் சரியென்று பட்டது. போன வருஷமும் அதில்தான் தைத்தோம். ஒரு முழம் தைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. துணியைத்தான் கத்தி மாதிரி அறுத்தது. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம்.

"இன்னாமே, அப்போ போன வருசம் கிழிச்சது காத்து இல்லியா?"

"நாமதான்யா."

எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம்.

கடைத்தெருவுக்குப் போனேன். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் மக்கும். வேண்டாம். செருப்பு தைக்கிற தடித்த முறுக்கு நூல் இருந்தது. இழுத்தேன். நனைத்தேன். கடித்தேன்.

"யக்கா, வாங்க வந்தியா, துன்ன வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"ருசி பாத்துதான் வாங்குவேன். ஊசி காட்டு."

கோணி ஊசியின் முனை தட்டை. துணியின் இழையை அறுக்கும். உருண்டை முனை இழையை விலக்கிக்கொண்டு போகும். அதை எடுத்தேன். நூலை இரட்டையாகக் கோத்தால் காது இறுக்கமாக இருக்க வேண்டும். காது பெரிதானால் துணியில் விழும் ஓட்டையும் பெரிது.

நூலில் மெழுகுவத்தி தேய்த்தேன். விளிம்பை இரண்டாய் மடித்துத் தைத்தேன். இழுத்துப் பார்த்தோம். யாரும் விழவில்லை.

போட்டியன்று நானும் ஏறினேன். பாயை விரித்ததும் பக்கத்துப் படகிலிருந்து அண்ணன், "பாவாடை ஷோக்கா கீது!" என்றார்.

காற்று பிடித்தது. பாய் வயிறு புடைத்தது. தையல் முனகியது, விடவில்லை. அண்ணனைத் தாண்டினோம்.

"யண்ணா, பின்னாலயே வந்து தையலைப் பாத்துக்கோ!"

எல்லைக் கொடியையும் தாண்டினோம். வீட்டுக்காரர் பாயை இறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். படகு நேரே போய்ச் சேற்றுத் திட்டில் ஏறியது. பூநாரைகள் பறந்தன.

அண்ணன்தான் சேற்றில் இறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே கேட்டார்.

"இன்னாமே நூலு அது?"

"தள்ளுண்ணா, சொல்றேன்."

கரை வரை சொல்லவில்லை.