பந்தின்மேல் போட்ட பழி

"முழங்காலை மடக்கு. கையில என்ன பலம் இருக்கு? காலிலிருந்துதான் பந்து மேல போகணும்."

சியூ லிங் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் மலேசியாவின் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தோம், மலாயில்தான் பேசிக்கொள்வோம். சாப்பாட்டு நேரத்தில் பின்புறத் திடலில் அவள் எனக்குக் கூடைப்பந்து பழக்கினாள்.

நான் பந்தை உள்ளங்கையால் அறைந்தேன். விரல் நுனியால் தட்ட வேண்டுமாம், பந்தைப் பார்க்கவும் கூடாதாம். பதற்றத்தில் தட்ட மறந்து பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவிடுவேன். "ஏய், சந்தையில திருடிட்டா ஓடுற?" என்று கத்துவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆண்டிறுதிப் போட்டிக்கு எங்கள் பிரிவு அணியில் என் பெயரையும் அவளே சேர்த்துவிட்டாள்.

ஒரு மாலை, பத்தாங் பெர்ஜுந்தாயில் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கும்போது வலது முழங்கால் கனத்தது. வீட்டில் பார்த்தால் வீங்கியிருந்தது. நான் எங்கும் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவும் இல்லை.

அதையெல்லாம் யார் கேட்டார்கள்? குற்றவாளி தயாராக இருந்தது.

"கல்யாணம் கட்டுற வயசுல பந்து என்னாடி பந்து?" என்றார் அம்மா.

அம்மாவின் அண்ணன், என் மாமா, அத்தை இறந்த பிறகு தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லயத்து வீட்டிலேயே இருந்தார். எங்கள் தோட்டத்தில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். காலைத் தொட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"சுளுக்குதான் பாப்பா. நாலு தடவ உருவுனா ஓடிப்போயிரும் லா."

சூடான எண்ணெயை ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்தி உருவுவார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். நடுவில் முகத்தைத் திருப்பி இருமுவார். பீடி இருமல் என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே வைத்திருந்தோம்.

மாதங்கள் போயின. வீக்கம் போகவில்லை, தொடை மெலிந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. வலியால் வரும் காய்ச்சல் என்றார் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அண்ணன் கை வெச்ச கால இன்னொருத்தர்கிட்ட காட்டுனா அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். மாமாவின் மானத்துக்காக என் கால் காத்திருந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேருந்துப் படியில் கால் வைக்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. பயாப்ஸி (மூட்டிலிருந்து சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அம்மாவையும் உட்காரச் சொன்னார்.

"இது எலும்புக் காசநோய். கிருமி மொதல்ல நுரையீரலுக்குப் போயி, அங்கேருந்து ரத்தத்தோட மூட்டுக்கு வந்திருக்கு."

"பந்து ஆடுனதுனாலதானே டாக்டர்?" என்றார் அம்மா.

"பந்துனால இது வராதும்மா. வீட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

அம்மா தரையைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

மாமாவின் சளியிலும் கிருமி இருந்தது. ஒரே வீட்டில் இருவரும் ஒரே மாத்திரைகளை விழுங்கினோம். அந்த மருந்தால் இருவருக்கும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. மாமாவுக்கு இருமல் நின்றது, உடம்பு தேறியது. எனக்குக் கிருமி செத்தது, ஆனால் மூட்டு மிஞ்சவில்லை. மூட்டு இணைப்பு அறுவை சிகிச்சை (கெட்ட மூட்டை நீக்கி மேலெலும்பையும் கீழெலும்பையும் ஒன்றாக ஒட்டவைப்பது) செய்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"இனிமே மடக்க முடியாதும்மா. ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்திருக்கலாம்," என்றார் டாக்டர்.

நீங்களும் வீங்கிய முழங்காலோடு இதைப் படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து யாரையும் அதை உருவ விடாதீர்கள். காரணம் தெரிந்துவிட்டது என்று வீட்டில் எத்தனை பேர் சொன்னாலும், மாலைக் காய்ச்சலையும் வீட்டில் இருக்கும் இருமலையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

மறுபடி வேலைக்குப் போனபோது சியூ லிங் என்னைத் திடலுக்கு அழைத்துப் போனாள். பந்தை வாங்கி எறிந்தேன். வலையைக்கூடத் தொடாமல் கீழே விழுந்தது.

"முழங்காலை..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பந்தை எடுக்க ஓடினாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. எறிந்த நொடியில் நானும் மடக்கத்தான் பார்த்தேன். இல்லாத மூட்டு இன்றும் எனக்குள் மடங்குகிறது, கால்தான் அப்படியே நிற்கிறது.

இப்போதெல்லாம் நாற்காலியைப் பார்த்தாலே காலை எங்கே நீட்டுவது என்றுதான் முதலில் யோசிக்கிறேன். ஒரு பேருந்து ஏற மற்றவர்களைவிட முன்னதாகவே கிளம்புகிறேன்.

எண்பது வயதைத் தாண்டியும் மாமா நன்றாக இருக்கிறார். சாயங்காலம் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார். வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்கிறார்.

"அந்தப் பந்து மட்டும் இல்லன்னா நம்ம பாப்பாவுக்கு ஒரு கொறயும் இருந்திருக்காது."

அம்மா உள்ளே போய்விடுகிறார். நான் நின்றபடி கேட்கிறேன். எனக்கு உட்காருவதற்கே நேரமாகும்.