காணாமல் போன இஃப் வரிகள்

சத்துவாச்சாரியில் எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். தோல் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தருவது வேலை. ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு லாட், அதாவது ஒவ்வொரு தொகுதி, தோலின் ஆய்வக முடிவையும் பார்த்து, குரோமியம் வரம்பு மீறாமல் இருந்தால் 'அனுப்பலாம்' என்று சொல்லும் நிரல் நான் எழுதியது. பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே அதைத் திருத்தி எழுதினாள். நானூறு வரி அறுபதாகச் சுருங்கியிருந்தது. எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அறிக்கை வந்ததா, அதில் இந்த லாட் இருக்கிறதா, குரோமியம் அளவு பதிவாகியிருக்கிறதா என்று படிக்குப் படி சோதிக்க நான் வைத்த 'இஃப்' வரி ஒன்றுகூட இல்லை.

"செக் எல்லாம் இன்னாம்மா ஆச்சு?"

"இருக்குதுண்ணா. ஒவ்வொரு ஃபங்ஷனும் பதில பொட்டலமா கட்டித் தரும். உள்ள மதிப்பு இருக்கும், இல்லன்னா ஏன் கிடைக்கலன்ற காரணம் இருக்கும். நடுவுல இருக்குற இந்த பைண்டுன்ற ஃபங்ஷன்தான் பிரிச்சுப் பாக்குது. மதிப்பு இருந்தா அடுத்த ஃபங்ஷனுக்குக் குடுக்கும். காரணம் இருந்தா அடுத்தத கூப்புடாது, அந்தக் காரணத்தயே கடைசி வரைக்கும் கொண்டாந்துடும். எத்தன ஃபங்ஷன் வேணாலும் இப்டி கோத்துக்கலாம். மோனாடுன்னு சொல்றது இதத்தான்."

அந்தப் பெயரை முன்பே கேட்டிருக்கிறேன். விளக்கியவர்கள் ஆளுக்கொரு உவமை சொன்னதாலேயே நம்பியதில்லை. இதுவும் பிழையை எங்கேயோ விழுங்கிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கிறது என்று தோன்றியது.

மதியம் அவள் சாப்பிடப் போனதும் பழைய பதிவுகளை இரண்டு நிரலிலும் ஓட்டினேன். அவள் மாட்ட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. எல்லாம் ஒத்துப்போயின, ஒரு லாட்டைத் தவிர. என் நிரல் அதை 'அனுப்பலாம்' என்றது. அவளுடையது 'குரோமியம் அளவு இல்லை' என்று நிறுத்தியது.

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து அறிக்கையைத் திறந்தேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. என் நிரலுக்குப் போனேன். அளவு பதிவாகியிருக்கிறதா என்ற இஃப் அங்கே இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வரியிலேயே காலியைச் சுழியமாக மாற்றி வைத்திருந்தேன். சுழியமும் ஒரு அளவுதான், வரம்புக்கும் கீழேதான்; அந்த இஃப் எதையும் தடுத்ததே இல்லை.

அவள் துப்பட்டாவில் கை துடைத்தபடி வந்து திரையைப் பார்த்தாள்.

"இந்த லாட்ட நான் காலையிலயே ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துட்டேண்ணா."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, என் ப்ரோக்ராம்லதான் தப்புன்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லித்தான் இருப்பேன். தொழிற்சாலையின் தர மேலாளருக்கு போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். லாட் எப்போதோ ஏற்றுமதியாகிவிட்டது; நல்லவேளை, அதிலிருந்து தோல் துண்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். மறுசோதனைக்குப் போனது.

முடிவு வர நான்கு நாள். அதற்குள் அடுத்த பகுதியை அவள் முறையிலேயே எழுதிப் பார்த்தேன். பொட்டலத்துக்குள் பொட்டலம் வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினாள். பைண்ட் வர வேண்டிய இடத்தில், ஏற்கெனவே பொட்டலமாக வந்த பதிலை மறுபடியும் கட்டிவிடும் மேப்பைப் போட்டிருந்தேன். அப்போதுதான் பைண்ட் எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். அளவு வரம்புக்குள்தான் இருந்தது.

"இது தப்பிச்சுது சார். வேற எங்கயாவது இந்த மாதிரி இருக்குதா?"

"பாத்து சொல்றேன்" என்றேன். நான் எழுதிய மற்ற நிரல்களில் காலியைச் சுழியமாக்கும் அந்த வரியைத் தேடினேன். பதினோரு இடத்தில் இருந்தது.