எதிர்த்தவர்களையும் ஏற்றிவந்த சேதுராமன்

தம்பி சேதுராமன் காலமான செய்தி வந்த நேரம் நான் உடுத்து வெளிக்கிட்டு, கைப்பையையும் தூக்கிக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் அவருக்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபத்தில் பள்ளிக்கூடக் கூட்டம். ஒருநாளும் பிந்தி வருகிற மனிதர் இல்லை அவர். எங்கள் வெரிபி ஊர்க் காற்று சேலையைப் பிடித்து இழுக்க, தெருமுனையைப் பார்த்தபடி நின்றேன். பேத்தி ஆரணி போனைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள்.

“அம்மம்மா, உள்ளுக்கு வாங்கோ.”

“நான் வாசலில நிக்கிறனெண்டு சொன்னனான். அந்த மனுசன் ஹோன் அடிச்சுக் கூப்பிடுற ஆளில்லை. இறங்கி வருவார்.”

“அவர் வரமாட்டார், அம்மம்மா.”

காலையில் நெஞ்சு நோ என்று கொண்டுபோனார்களாம். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி காதுக்குள் போயும் என் கால் உள்ளே போக மறுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அன்று பிடித்த நிலைகொள்ளாமை இதை எழுதும்போதும் விடவில்லை. குசினியில் கோப்பை கழுவும்போதும் அவரோடு வாதாடிக்கொண்டுதான் நிற்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அவரோடு நின்றவர்கள். மற்றப் பாதி என்னோடு நின்றவர்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து ஊரான பொயிண்ட் குக்கில் நாள் முழுதும் நடக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று திறக்க வேண்டும், பாடமெல்லாம் இந்த நாட்டு முறைப்படி, தமிழ் ஒவ்வொரு நாளும், அரசாங்க உதவியோடு நாங்களே நடத்த வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த திட்டம். எனக்கு அது பிடிக்கவில்லை. அரசாங்கம் எவ்வளவு தந்தாலும் பெற்றோரிடம் கட்டணம் கேட்கத்தான் செய்வார்கள். வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோவார்கள், ஆசிரியர்மாரும் பின்னால் போவார்கள், எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் படுத்துவிடும். எங்களிடம் படிப்பவர்களில் அரைவாசி, படகில் வந்து, தற்காலிக விசாவில் மரக்கறித் தோட்டங்களில் கோவா வெட்டுகிற சனங்களின் பிள்ளைகள். அதுகள் எங்கே போகும்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கைவிட்டுப் போன பள்ளிக்கூடம் திரும்பி வராது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

முதற் கூட்டத்தில் அவர் தன் தாயின் கதையைச் சொன்னார். மதுரையில் அந்த அம்மா கடைசிப் படுக்கையில் கிடந்தபோது, இங்கே பிறந்த பேரன் போனை வாங்கி “ஹலோ பாட்டி” என்றானாம். அதற்கு மேல் சொல்ல அவனிடம் சொல் இல்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழும்பினேன்.

“தம்பி, உங்கட மகனுக்குத் தமிழ் வராட்டி அது பள்ளிக்கூடத்தின்ர பிழையே? வீட்டில நீங்கள் என்ன பாசை கதைச்சனீங்கள்? என்ர பேத்தியும் இங்கத்தைய அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். சனிக்கிழமை வந்து தமிழ் படிச்சவள். இண்டைக்குக் கிளேட்டன் யூனிவசிற்றியில பெரிய படிப்புப் படிக்கிறாள்.”

என்னோடு வந்தவர்கள் கை தட்டினார்கள். அவர் முகம் சிவக்கும் என்று பார்த்தேன். ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்து, “நியாயமான அடிதான் அக்கா. வாங்கிக்கிட்டேன்” என்றார். முன்வரிசையிலிருந்த அவர் மனைவி வசந்திதான் முதலில் சிரித்தது.

கூட்டம் கலைந்தபோது என் மகளின் கார் வந்து சேரவில்லை. அவர் தன் வான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். உயரமான வான், என் முழங்காலுக்கு ஏறாது. கடைகளுக்குப் பால் கொண்டுவருகிற நீலப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து கவிழ்த்துப் படியாக வைத்தார். “ஏறுங்கக்கா. திட்டுறதை வழியில திட்டுங்க.” அந்தப் பெட்டி பிறகு வானிலேயே தங்கிவிட்டது. கூட்டம் என்றால் என் வாசலில் வான் நிற்கும், பெட்டி இறங்கும், நான் ஏறுவேன், இருவரும் வாயைத் திறப்போம்.

வாக்கெடுப்பு நாளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கம் பஸ் வருவது அபூர்வம். தோட்டத்துச் சனத்தில் கார் உள்ளவர்கள் குறைவு. அன்று மண்டபத்து யன்னலால் பார்த்தால், அவருடைய வானிலிருந்து தோட்டத்துத் தகப்பன்மாரும் தாய்மாரும் இறங்குகிறார்கள். இறக்கிவிட்டு, மிச்சப்பேரை ஏற்றத் திரும்பிப் போகிறார். எல்லாரும் அவருடைய திட்டத்துக்கு எதிராகக் கை தூக்க வந்தவர்கள். அது அவருக்கும் தெரியும். கை தூக்கினார்கள். திட்டம் தோற்றது.

அவருடைய சொந்த ஆட்களே அவரைப் பிடித்து ஏசினார்கள். “என்ன சார் இது, வெளையாட்டா? நம்மளைத் தோக்கடிக்க நீங்களே ஆள் கூட்டிட்டு வர்றீங்க?”

“வீட்ல உக்காந்திருக்கிறவங்களை ஜெயிச்சு என்னப்பா செய்ய? நாளைக்கு அவங்க பிள்ளையும் நம்ம ஸ்கூலுக்கு வரணும்ல” என்றார். சொல்லிவிட்டு, வந்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட வானை எடுத்தார். முன் கதிரையில் நான் இருந்தேன். வென்றவள் நான், ஓட்டியவர் தோற்றவர்.

அவர் விடவில்லை. திட்டத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி வாக்குக் கேட்கப் போவதாகச் சொன்னார். கடைசிப் பயணத்தில், அவர் இறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கேட்டார்.

“அக்கா, நேராவே கேக்குறேன். என்ன இருந்தா நீங்க கை தூக்குவீங்க?”

“தோட்டத்துப் பிள்ளையளும் அதே வகுப்பில, காசில்லாமல், மற்றப் பிள்ளையளுக்குப் பக்கத்தில இருக்க வேணும்.”

“செஞ்சிடலாம். விதியிலேயே எழுதிடலாம்.”

“எழுதுவியள். நீங்கள் இருக்கும்வரைக்கும் நடக்கும். நாளைக்கு வேற ஆக்கள் நிர்வாகத்துக்கு வந்து அதை அழிச்சால்? சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தையும் மூடிப்போட்டால் அந்தப் பிள்ளையள் எங்க போறது?”

அதற்கிடையில் எங்கள் வாசல் வந்துவிட்டது. பெட்டியை வைத்து என்னை இறக்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “இதுக்கு ஒரு வழி இருக்கக்கா. பாதி யோசிச்சு வச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு சொல்றேன்” என்றார். யோசனையிலேயே வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டி எங்கள் வாசலில் கிடந்தது.

செத்தவீட்டில் வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கக்கூடாத இடம், ஆனாலும் கேட்டேன்.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலக்கா” என்றார் வசந்தி. “உங்களை விட்டுட்டு வந்தா கொஞ்ச நேரம் வண்டியிலேயே உக்காந்திருப்பார். சாப்பிட வாங்கன்னா, ‘இரு, அக்கா கேட்டதுக்கு இன்னும் பதில் வரல’ம்பார்.”

அந்தப் பதில் அவரோடு போய்விட்டது. வாக்கெடுப்பு மட்டும் போகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறார்கள். போன கிழமை, திட்டத்தை எதிர்க்கிற எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். பெயர் வேண்டாம்.

“அன்ரி, இனிப் பயமில்லை. அவையின்ர ஆக்களிலயும் கனபேருக்குக் கார் இல்லை. புருசன்மார் வேலைக்குக் கொண்டுபோயிடுவினம். ஏத்திவர இனி அங்க ஆளில்லை. நாங்கள்தான் வெல்லுவம்.”

“ஆர் சொன்னது ஆளில்லையெண்டு?” என்றேன். வாய் முந்திவிட்டது. அதன் பிறகுதான் ஆளைத் தேடத் தொடங்கினேன். ஆரணியைக் கூப்பிட்டேன்.

“அம்மம்மா, யூ ஆர் வோட்டிங் நோ, ரைட்?”

“ஓம்.”

“தென் வை ஆர் வீ பிக்கிங் அப் த யெஸ் பீப்பிள்?”

“அவைக்குக் கார் இல்லை. அதுதான்.”

“தற் மேக்ஸ் நோ சென்ஸ், அம்மம்மா.”

“சேது அங்கிளின்ர ஆக்களும் இதைத்தான் சொன்னவை. நீ பெற்றோல் அடி.”

என் கை ஞாயிற்றுக்கிழமையும் ‘வேண்டாம்’ என்றுதான் எழும்பும். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் அவர் யோசித்த அந்த மிச்சப் பாதியை யாராவது யோசித்து வந்தால், காது கொடுப்பேன். அவருக்கு நான் செய்கிற மரியாதை அது. இரங்கிக் கை தூக்கினால் அவரே என்னை ஏசுவார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நீலப் பெட்டியும், அதற்கான வேலையும். பெட்டி இப்போது ஆரணியின் காரின் பின்பக்கத்தில் இருக்கிறது. அது தாழ்வான கார், படி தேவையில்லை என்கிறாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மண்டபத்துக்கு வர வழியில்லாதவர்கள் எனக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டோம். வெளிக்கிட்டு வாசலில் நில்லுங்கள். ஹோன் அடிக்கமாட்டோம். இறங்கி வருவோம்.