உபதேசியார் கூட்டிய பெயர்கள்

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில், எங்கள் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை சைக்கிளில் வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"உபதேசியார் போயிட்டாருங்க டீச்சர். காலைல பூசை மணி அடிக்கறப்ப மூச்சு நின்னுருச்சுங்க."

கரும்பலகையில் பாதியில் நின்ற வகுத்தல் கணக்கை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். சவரிமுத்து உபதேசியாருக்குக் கணக்கைப் பாதியில் விடுவது பிடிக்காது.

சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம், சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் சொற்களுக்கு எண் கண்டு சொல்பவர் என்றுதான் ஊருக்குத் தெரியும். உயிரெழுத்துகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை. மெய்யெழுத்துகளுக்குப் பத்து, இருபது என்று நூற்றெண்பது வரை. உயிர்மெய்க்கு இரண்டையும் சேர்ப்பார்.

"அப்பா நூத்தி எம்பத்தி மூணு, அம்மா எரநூத்தி மூணு. ஊட்டுல ஆரு பெரியவங்கன்னு எழுத்தே சொல்லுதுங்களே!" என்பார்.

பங்குச் சாமியார் கண்டித்தும், சம்பந்தம் பேசுமுன் அவரிடம் பெயர் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு பெயர்களையும் கூட்டி ஏழால் வகுப்பார். மிச்சம் வராவிட்டால் பொருத்தமில்லை.

எனக்குப் பதினெட்டு வயதில், மோகனூர்ப் பக்கத்திலிருந்து ராசப்பன் என்பவருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். அவரை ஒருமுறை பார்த்திருந்தேன்; பிடித்திருந்தது. என் பெயர் மரியம்மாள், அவர் பெயர் ராசப்பன்: கூட்டினால் ஆயிரத்து இருநூற்றுப் பதினொன்று. மிச்சமில்லை. "வேண்டாமுங்க" என்றார் உபதேசியார். அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியையாகியிருந்தபோது, உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன்னிடம் படித்த பிள்ளைகளை அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஞானஸ்நானப் பேரத்தான் கூட்டோணும்னு நானே வெச்ச சட்டம், சாமி. அந்தப் பையன் பேரு அருளப்பனாமா. ராசப்பன்னு ஊட்டுல கூப்புட்டதத்தான் கூட்டிப்போட்டேன். நேத்து அவங்க ஊருக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டுல பாத்தேன்."

"மறுபடி கூட்டினீங்களா?"

"ஒண்ணு மிச்சம் வருது, சாமி. பொருத்தந்தான்."

அதற்குள் அருளப்பனுக்கு இரண்டு குழந்தைகள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் உபதேசியார் எல்லோர் முன்னும் எழுந்து நின்றார். "மரியம்மா விசயத்துல தப்பு என்னுதுங்க. இனிமே ஆரு பேரும் கூட்டமாட்டேன்."

"ஏனுங்க உபதேசியாரே, அப்ப எங்க ஊட்டுக்காரியையும் தப்பாத்தான் கூட்டிக் குடுத்தீங்களா?" என்று ஒருவர் கேட்க, கோயிலே சிரித்தது.

"உங்குளுது சரியாத்தானுங்க வந்துச்சு. சண்டை நீங்களா சம்பாரிச்சது."

சொன்னபடியே அதன்பின் அவர் கூட்டவில்லை.

என் கோபம் பல ஆண்டுகள் இருந்தது. அந்தத் தவறால்தானே படித்தாய் என்று யாராவது சொன்னால் இன்னும் கூடியது. ஆனால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத தவற்றைத் தாமே வந்து சொன்ன வேறொருவரை நான் சந்தித்ததில்லை. இதை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் எதிரே பார்த்தும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மரச்சிலுவையில் அவர் பெயரைத் தாரால் எழுதியிருந்தார்கள். மனம் தானாகக் கூட்டியது: ஐந்நூற்று நாற்பத்தைந்து. அதை எதனோடும் சேர்க்கவில்லை, ஏழால் வகுக்கவுமில்லை. ஒரு பிடி மண்ணைப் போட்டேன்.

"கோவமெல்லாம் போயிருச்சுங்க. நிம்மதியாப் போங்க" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற கோயில்பிள்ளை தலை குனிந்துகொண்டார்.