கதவைச் சாத்தச் சொன்னது நான்தான்

ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கீழே வேலை செய்கிறவர்கள் மனம் உடைந்துபோனால் எப்படித் தாங்கிக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பேன். மாசியில் ஹட்டனில் ஒரு வகுப்பு எடுத்தேன். வந்தவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆனியில் மறுபடி கிளம்பினேன். யாழ்ப்பாணத்தாளுக்கு இந்தக் குளிர் ஒருநாளும் சரிவராது, இரண்டு சுவெட்டர் போட்டும் பல் கிடுகிடுத்தது.

கண்டியிலிருந்து ஹட்டன் எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். அங்கிருந்து தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலமாவது ஆகும். "வளைவு ஜாஸ்திங்க டீச்சர், முன்னால குந்துங்க" என்று கண்டக்டர் இடம் பிடித்துத் தந்தார். புண்ணியவான், வாந்தி வராமல் போய்ச் சேர்ந்தேன்.

டயகம ஆஸ்பத்திரி வாசலில் சரோஜா காத்து நின்றார். அங்கே தலைமை மிஸ்ஸி, அதாவது தாதிகளுக்குப் பொறுப்பானவர். ஹட்டன் வகுப்பில் விழுந்து விழுந்து சிரித்தவர், அன்று முகம் செத்துக் கிடந்தது.

"கௌசி வேலைய வுட்டுட்டா டீச்சர். நாளைக்குக் கொழும்புக்குப் போறாளாம், துணிக்கடைக்கு."

கௌசி வார்டு உதவியாளர். ஒரு இளம் தாய் அவள் கண்முன்னே இறந்த நாளிலிருந்து யாரோடும் பேசவில்லை. சரோஜா நான் படிப்பித்தபடியே செய்திருக்கிறார். தனியே ஆபீசுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எதிரே இருத்தி, "கௌசி..." என்று தொடங்கியதுமே அவள் காலில் விழுந்துவிட்டாள். "தெரியாம நடந்திருச்சு மிஸ்ஸி, மன்னிச்சுருங்க!" அடுத்த நாள் வரவில்லை.

"தேயிலைத் தோட்டத்துல தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கதவ சாத்துனா வேல போச்சுன்னு அர்த்தம். எங்கம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான், எனக்குத் தெரியாததா? மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் மறந்துட்டேன் டீச்சர்" என்றார் சரோஜா. அவர் மறந்தார், சரி. நான் இதையெல்லாம் கேட்கவே இல்லையே! அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவளை எப்படியாவது திருப்பிக் கூட்டிவர வேண்டும் என்று இருவரும் அவள் வீடு இருக்கும் தோட்டத்து லயத்துக்கு ஏறினோம். பாதை வழுக்கல், நல்ல சப்பாத்து வேண்டும். கௌசி பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"பிள்ளை, பிழை உன்னிலை இல்லை, என்னிலைதான்" என்றேன்.

"இருக்கட்டுங்க டீச்சர். அன்னைக்கு அந்தக்கா செத்தப்போ மிஸ்ஸி வந்து பக்கத்துல கொஞ்சம் நின்னிருந்தா போதும். இப்ப அந்தக் கதவத் தாண்டி வார்டுக்குப் போக முடியாதுங்க. நான் வரலிங்க."

எவ்வளவோ கெஞ்சினோம், அவள் மனம் மாறவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பின்னேர பஸ்ஸை நம்பாதீர்கள், மழை என்றால் பிந்தும். ஹட்டனில் அறை போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு எடுக்கிறதுக்கு முதல் ஒரு நாள் வார்டில் சும்மா நில்லுங்கள், எந்த இடத்தைக் கண்டால் இவர்கள் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். நான் அதைச் செய்யாமல்தான் வகுப்பெடுத்தேன்.

அன்றும் பஸ் பிந்தியது. என்னை வழியனுப்ப வந்த கௌசி எங்களோடேயே நின்றாள். தூறலில் சரோஜா முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். கௌசி கிட்ட வந்தாள். குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.